தொண்ணூறு நாள் கிரீடம்

நடுக்கடலில், கரும்பைத் தவிர வேறெதையும் விளைவிக்கத் தெரியாத தீவு ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்குத் தங்கள் பிரபு ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள். ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கரும்பு வெட்டப் போன நம் ஆட்கள், கரையெல்லாம் பூத்துக் கிடந்த செடியைப் பார்த்துவிட்டு அலரித்தீவு என்று சொல்ல, அதுவே நிலைத்தது. அந்தத் தீவின் சட்டசபை, மழைக்காலத்துக்கு முந்தின ஒரு வியாழக்கிழமை, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ராணியம்மாவே நமக்குத் தொடர்ந்து ராணியாக இருக்கட்டுமா, இல்லை நாம் குடியரசு ஆகிவிடலாமா என்பதைத் தொண்ணூறு நாள் கழித்து ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று தீர்மானம் போட்டது. மறுநாள் காலை கவர்னர் ஞானசிகாமணி கையெழுத்துப் போட உட்கார்ந்தார், பேனா எழுதவில்லை.

உதறினார். உதறிய மசி மேசை விரிப்பில் நீலமாகச் சிந்தியது, காகிதத்தில் மட்டும் ஒட்டவில்லை. வேறு பேனா எடுத்தார், பென்சில் எடுத்தார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்பதால் சாக்குக்கட்டி கூட எடுத்துப் பார்த்தார். கதவோரம் சிவப்புப் பெட்டியோடு நின்றிருந்த டவாலி செங்கமலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் கவர்னர் தடுமாறுவதை டவாலி பார்க்கக் கூடாது. வெள்ளைப் புடவை, குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் கிரீடம் பொறித்த பித்தளை வில்லை, இருபது வருஷமாக அதுதான் அவள் கோலம். செயலகத்திலிருந்து காகிதங்களைப் பெட்டியில் கொண்டுவருவாள், ராணியின் பெயரால் கவர்னர் கையெழுத்திடுவார், திரும்பக் கொண்டுபோவாள். அலரித்தீவில் ஒரு பாலம் கட்டவும், ஒரு வாத்தியாரை நியமிக்கவும், சிறையிலிருந்து ஒருவனை விடுவிக்கவும் அந்தக் கையெழுத்து விழுந்தாக வேண்டும்.

அதே காலையில் பேக்கரி சவேரி கடைக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தவர், தன் நிழல் கிரீடம் வைத்திருப்பதைக் கண்டார். ஐந்து முனை, நடுவில் ஒரு உருண்டை, எல்லாம் சுத்தமாகத் தரையில் விழுந்திருந்தது. தலையைத் தடவிப் பார்த்தார். மைதா மாவும் துண்டும்தான் இருந்தன. துண்டை எடுத்தார், கிரீடம் போகவில்லை. தன்னுடையதல்லாத பொருள் கிடைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது தெரிந்தவராதலால் நேரே அங்கே போனார். நிழலிலிருந்து எதையும் கழற்றி வாங்கி ரசீது போட வழியில்லை என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கவர்னர் மாளிகைக்கு அனுப்பிவைத்தார். அங்கே சவேரி குனிந்து காகிதத்தைப் பார்த்தார், கிரீட நிழல் காகிதத்தின் மேல் விழுந்தது, கவர்னர் கொடுத்த பேனாவை வாங்கிச் சும்மா ஒரு கோடு இழுத்தார், மசி இறங்கியது.

அவ்வளவுதான். ஏன் என்று ஒருவரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சூரிய அஸ்தமனத்தோடு சவேரியின் நிழல் வெறுந்தலையானது; அடுத்த நாள் காலை மீன்காரி ஒருத்தியின் நிழலில் கிரீடம் இருந்தது. சட்ட வல்லுநர்கள் மூன்று நாள் உட்கார்ந்து பேசி, கிரீடம் எங்கே உண்டோ கையெழுத்தும் அங்கே உண்டு, ஆனால் நிழல் காகிதத்தின் மேல் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கவர்னருக்கு வேலை இல்லாமல் போனது. அவர் பங்களாத் தோட்டத்தில் கத்தரி போட்டார். செங்கமலத்துக்கோ வேலை பத்து மடங்கு ஆனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைய ராசாவோ ராணியோ இருக்கும் இடத்துக்கு அவள் நடந்தாக வேண்டும்.

ஜனங்கள் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். எழுந்ததும் பல் விளக்கும் முன் வாசலில் நின்று நிழல் பார்ப்பது வழக்கமானது, சந்திக்கும்போது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவர்கள் "பார்த்தாச்சா?" என்று கேட்டார்கள். வானம் மூடிய நாட்களில் யாருக்குக் கிரீடம் என்பதே தெரியாது, ஆகவே அரசாங்கத்துக்கு விடுமுறை. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மணவறையில் வைத்துக் கிரீடம் வந்தது. ராணிக்குச் சமமாக உட்காருவது முறையா என்று மாப்பிள்ளை தாலி கட்டும் வரை நின்றுகொண்டே இருந்தான். ஒரு வெள்ளாட்டுக்கு வந்தபோது அதன் குளம்பை மசியில் தோய்த்து வைத்தார்கள், வடக்குக் குப்பத்துக்குப் பேருந்து விடும் உத்தரவில் இன்றைக்கும் அந்தக் குளம்படி இருக்கிறது, பேருந்தும் நேரத்துக்கு வருகிறது. எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் ஒவ்வொரு வெயில் நாளும் சந்தைத் திடலில் நிழல் நன்றாக விழும்படி நின்று பார்த்தார்; கறுத்ததுதான் மிச்சம்.

சவேரி கடையில் பேச்சுக்குக் குறைவில்லை. "ஆஸ்திரேலியாக்காரனே ஓட்டுப் போட்டு ராணியே இருக்கட்டும்னுட்டான், நமக்கு என்னய்யா அவசரம்?" என்றார் ஒருவர். "பார்படாசுல ஓட்டே வைக்கல, சட்டசபையிலேயே முடிச்சுட்டாங்க. அங்க என்ன வானமா இடிஞ்சு விழுந்துச்சு?" என்றார் இன்னொருவர். சோறு கேட்காத, சண்டைக்கு வராத ராணியைப் போகச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலரும், நம்மை ஒரு நாளும் பார்க்காதவள் பெயரில் ஏன் சத்தியம் செய்ய வேண்டும் என்று சிலரும் வாதாடினார்கள். சவேரி மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் கிரீடத்தைச் சுமந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் ஆகிப்போனார்கள். கேட்டால், "போட்டுப் பார்த்தாத் தெரியும்" என்பார்கள்.

காரணம் கருணை மனுக்கள். பாலத்துக்கும் பள்ளிக்கும் கையெழுத்துப் போடுவது சுலபம். ஆனால் பெட்டியின் அடியில் நாளுக்கு ஒன்றாக ஒரு கருணை மனு வரும், உள்ளே இருப்பவனை விடலாமா கூடாதா என்பதை அன்றைக்குக் கிரீடம் வைத்த நிழல்தான் சொல்ல வேண்டும். மீன்காரி அழுதுகொண்டே போட்டாள். கல்யாணப் பெண், பெண்டாட்டியை அடித்துக் கையை முறித்தவனின் மனுவைப் படித்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டாள்.

நாற்பத்தோராவது மனு செங்கமலத்தின் தம்பி தவசியினுடையது. இது தீவு முழுவதும் தெரியும்.

தாய் இல்லாத பிள்ளையை அவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். பதினோரு வருஷத்துக்கு முன், அறுவடைக் காலத்தில், ஆலை எடைமேடை வாசலில் கரும்பு வண்டிகள் அரை மைலுக்கு நின்ற ஒரு மத்தியானத்தில், இருபத்திரண்டு வயதுத் தவசி வரிசையை மீறித் தன் வண்டியை முன்னால் விட்டான். பின்னால் நின்ற கதிரேசன் இறங்கி வந்து கேட்டான். வார்த்தை தடித்தது. தவசியின் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. கதிரேசன் அங்கேயே முடிந்துபோனான், இருபத்து நாலு வயது, படகுத்துறையில் அவித்த கடலை விற்கும் பூவாயிக்கு ஒரே மகன். தவசிக்கு ஆயுள் தண்டனை. கடலுக்குள் ஒரு மணி நேரத் தூரத்தில் குருவிப்பாறையில் சிறை.

கிரீடம் வந்தவர்களில் பலர் செங்கமலத்திடம் ரகசியமாகச் சொன்னார்கள். "அக்கா, தம்பி காயிதத்தை இன்னைக்கே எடுத்து மேல வைங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடறேன்." புதிய சட்டத்தில் பழைய மனுக்கள் எல்லாம் செல்லாது, குடியரசு வந்தால் குழு அமைத்து, விதி எழுதி, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகும், மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ராணியே இருந்தாலும் ஓட்டு நாளன்று கிரீடம் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? இருந்தும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"வரிசைப்படி வரட்டும். வரிசையை மீறினதுக்குத்தான் அவன் உள்ள இருக்கான்."

சொல்லிவிட்டாளே தவிர, தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மூடிய காலையும் ஒரு மனுவைத் தள்ளிப்போட்டது. விரல் விட்டு எண்ணினாள். தொண்ணூறு நாளில் நாற்பத்தொன்பது நாள் வானம் திறக்கவில்லை. மிச்சம், கடைசி நாளையும் சேர்த்து, நாற்பத்தொன்று. கடைசி நாள், அதாவது ஓட்டுக்கு முந்தின நாள் வெயில் அடித்தால் தவசிக்கு வழி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடித்தது. கழுவித் துடைத்த மாதிரி வெயில். தெருவே அவளுக்காகச் சந்தோஷப்பட்டது. வாசலில் இறங்கித் தன் நிழலைப் பார்த்தாள், கொண்டை மட்டும்தான் இருந்தது. பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு செயலகத்துக்குப் போனாள். பெட்டியில் அன்றைக்கு ஒரே ஒரு காகிதம். ஆனால் கிரீடம் வந்ததாக யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒன்பது மணிக்கு மணி அடித்தார்கள், பத்து மணிக்குத் தமுக்கு அடித்தார்கள், மத்தியானம் ஆயிற்று, தீவில் இருந்த எல்லாத் தலைகளின் நிழலும் வெறுமனே கிடந்தது. ஆடு மாடுகளைக் கூடப் பார்த்தார்கள்.

தேடி நடந்து படகுத்துறைக்கு வந்த செங்கமலம், கடலைக் கடை மூடியிருப்பதைக் கண்டு நின்றாள். கதிரேசன் செத்த திதியைத் தவிர அந்தக் கடை மூடிக் கிடந்ததில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள், இருபது வருஷத்தில் முதல் தடவையாக.

பதினோரு வருஷமாக அந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை. ஊர் அதற்கேற்பத் தன்னை ஒழுங்கு செய்துகொண்டிருந்தது. கோயிலில் பூவாயி கிழக்கு வாசல் என்றால் செங்கமலம் மேற்கு வாசல்; குழாயடியில் ஒருத்திக்குக் காலை, ஒருத்திக்குச் சாயங்காலம்; ரேஷன் கடைக்காரன் கூடத் தேதி மாற்றிக் கொடுத்தான். எல்லாம் செங்கமலம் ஒதுங்கியதால் வந்த ஒழுங்கு.

பூவாயியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தட்டினாள். கதவு பாதி திறந்தது. அறுபது வயதுப் பூவாயி சமையல்கட்டின் இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். விடியலில் வாசல் தெளிக்க வந்தபோதே அவள் தன் நிழலைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"அம்மா, கையெழுத்து வேணுங்க" என்றாள் செங்கமலம். அதற்கு மேல் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச டவாலிக்கு உரிமை இல்லை.

வெளியே தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எதிர்ச் சுவரோரம் நின்றார்கள்.

"எப்படி இருக்கான்?" என்றாள் பூவாயி.

"தலை நரைச்சுப் போச்சுங்க."

"என் புள்ளைக்கு நரைக்கவே இல்ல."

செங்கமலம் நின்றாள். பெட்டி கனத்தது. பிற்பகல் வெயில் கூரை இடுக்கு வழியாகத் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

"மாசா மாசம் பாத்தேன்" என்றாள் பூவாயி. "மொத ஞாயித்துக்கிழமை தூக்குச்சட்டியோட படகு ஏறுவ. என் கடையத் தாண்டித்தான் போவணும். பதினோரு வருசம். ஒரு நாளு இந்தப் பக்கம் உன் தலை திரும்பல."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க..."

"எனக்குத் தெரியுமா எந்த மூஞ்சின்னு? இருக்குற மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்திருக்கலாம்ல? நீ வருவேன்னு கொஞ்ச நாள் உலைல ஒரு பிடி அரிசி சேத்துப் போட்டேன். அவனத் திட்டணும், உன்னத் திட்டணும், ஒப்பாரி வெக்கணும், அதுக்கு நீ வேணும். கோர்ட்டுல யாரோ எந்திரிச்சு ராணி சார்பா கேக்குறேன்னாங்க. செத்தது என் புள்ள. ராணிக்கு என்ன வந்துச்சு?"

செங்கமலத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிப் பித்தளை வில்லை மேல் விழுந்தது. டவாலி அழக் கூடாது என்றும் விதி இருந்தது.

"இந்தக் காயிதம் ராணிகிட்டப் போயிருந்தா, அவ எப்பவோ போட்டிருப்பா" என்றாள் பூவாயி. "கதிரேசன் எப்படிச் சிரிப்பான்னு அவளுக்குத் தெரியாது. தெரியாதவ போடுறது லேசு." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பட்டையக் கழட்டு."

"அம்மா?"

"கழட்டி வெச்சுட்டு வந்து கேளு. ராணி வூட்டு ஆளா வந்து கேட்டா எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. அவனுக்கு அக்காவா வந்து கேளு."

செங்கமலத்தின் விரல்கள் கொக்கியைத் தேடின. அந்தப் பட்டை இல்லாமல் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அதற்குப் பின்னால்தான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கழற்றினாள். பெட்டியின் மேல் மடித்து வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தே" என்றாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் கூப்பிடுவாள். "தப்பு எங்க மேலதான். அவன நான் செல்லங் கொடுத்து வளத்தேன். மொத ஆளா நிக்கணும், முந்திப் போவணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கதிரு செத்த அன்னைக்கே உங்க கால்ல வந்து விழுந்திருக்கணும். பயந்துட்டேன். அவன விட்டுடுங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனா கேக்குறேன்."

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். தெருவில் நின்றவர்களுக்குக் கேட்கும்படியாக, வெட்கமில்லாமல், வைத்திருந்து வைத்திருந்து புளித்துப்போன அழுகையை அழுதார்கள். பூவாயி அவளைத் திட்டினாள். தோளில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது சூரியன் ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நிழல் படியிலிருந்து இறங்கித் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவர் மேல் ஏறிற்று. கிரீடத்தின் ஐந்து முனையும் அங்கே நின்றிருந்தவர்களின் தலைகளுக்கு மேல் தெரிந்தன. ஒருவர் முன்னே வந்து குனிந்து முதுகைக் காட்டினார், சவேரிதான் அது. அவர் முதுகின் மேல் காகிதத்தை விரித்தார்கள். அதில் கிரீடம் விழுந்தது. பூவாயிக்கு எழுதத் தெரியாது. செங்கமலம் மைப்பெட்டியை நீட்டினாள். பூவாயி கட்டைவிரலை அதில் அழுத்தி, மகன் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிவிட்டு, காகிதத்தில் வைத்தாள். ஊதா நிறத்தில் ரேகை ரேகையாக விழுந்தது. மசி காயும்வரை எல்லோரும் அப்படியே நின்றார்கள். அதற்குள் வெயில் போய்விட்டது.

மறுநாள் ஓட்டு. அன்றைக்கும் நல்ல வெயில், ஆனால் தீவில் ஒரு நிழலுக்கும் கிரீடம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நின்ற வரிசையில் பூவாயியும் அவளுக்குப் பின்னால் பட்டை இல்லாத செங்கமலமும் நின்றதைப் பார்த்து, ரேஷன் கடைக்காரன் இனி ஒரே தேதி போதும் என்று கணக்குப் போட்டுத் தலையாட்டிக்கொண்டான். உள்ளே இருந்த அதிகாரி விரலில் மை வைக்கப் பூவாயியின் கையைப் பிடித்தவர், கட்டைவிரலைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா, ஏற்கெனவே போட்டாச்சா?"

"அது நேத்து, ராணியா இருந்து போட்டது" என்றாள் பூவாயி. "இன்னைக்கு எல்லாரையும் போலப் போட வந்திருக்கேன்."

யார் எப்படிப் போட்டார்கள் என்பது பெட்டிக்குள் போய்விட்ட விஷயம். எண்ணி முடித்தபோது அலரித்தீவு குடியரசு ஆகியிருந்தது, அதுவும் யாரும் எதிர்பாராத வித்தியாசத்தில். கிரீடம் சுமந்தவர்கள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. ராணியம்மா நல்ல வார்த்தையாக நாலு வரி வாழ்த்து அனுப்பினார். பித்தளை வில்லைகளை வாங்கி அலமாரியில் வைத்தார்கள். கவர்னரின் கத்தரி காய்த்தது.

அடுத்த வியாழக்கிழமை குருவிப்பாறைப் படகில் தவசி வந்தான். முன்னந்தலை நரைத்து, கையில் ஒரு துணிமூட்டையோடு, எல்லோரையும் இறங்கவிட்டுக் கடைசி ஆளாக இறங்கினான். அக்காவைத் தேடினான். அவள் கடலைக் கடையில், பூவாயிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவனால் நிமிர முடியவில்லை. பலகைமேல் விழுந்த தன் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பூவாயி அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த நரையைப் பார்த்தாள்.

"கிரீடம் தேடுறியா?" என்றாள். "அது போயிடுச்சு. இனிமே எல்லாருக்கும் வெறுந்தலைதான். வெயில்ல நிக்காத, உள்ள வா."

காலால் முக்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பிலிருந்த கடலையைக் கிளறப் போனாள்.